உகாய் தின்ற மலேசியாக்காரி

எங்கள் ஊரில் பழம் கிடையாது என்று மாஷிதாவிடம் சொன்னவர்களில் நானும் ஒருவன். அதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். பிறகு யாரும் வந்து, "அன்றைக்கு நீங்களும்தானே தலையை ஆட்டினீர்கள்" என்று என்னைக் கேட்கக் கூடாது.

தொண்டிக்குத் தெற்கே கடலை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். பள்ளிவாசலுக்குப் பின்னால் ஓர் ஓடை. ஓடைக்கரை முழுக்க முள்ளும் புதரும். அதைத் தாண்டினால் பனங்காடு, அதற்கும் அப்பால் கருவக்காடு. மழை பெய்கிற வருடத்தில் ஓடையில் தண்ணீர் இருக்கும். பெய்யாத வருடத்தில் ஆடுகள்தான் இருக்கும்.

மாஷிதாவின் மாப்பிள்ளை காஜா நவாஸ் எனக்கு மகன் முறை. அவனைப் பெற்ற அத்தாவும் நானும் அண்ணன் தம்பி மக்கள். நவாஸுக்கு மூத்தவன் அலியார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பெண் பிறந்து நாற்பது நாளில் மவுத்தாகிவிட்டது. ஆயிஷா என்று பேர் வைத்திருந்தார்கள். அந்தப் பேரை இன்றைக்கு ஞாபகம் வைத்திருப்பது நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அலியார் சவூதிக்குப் போனான். தம்மாமில் இருபத்தாறு வருடம் இருந்து, மாடி வீடு கட்டி, ஊரில் நாலு பேர் எழுந்து இடம் கொடுக்கிற மனிதனாகத் திரும்பி வந்தான். நவாஸ் மலேசியாவுக்குப் போனான். பினாங்குப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் பரோட்டா மாஸ்டர். அந்தக் கடைக்கு எதிரே பஸ் நிலையத்தில் பழம் வெட்டி விற்கும் வண்டி வைத்திருந்தவள்தான் மாஷிதா. நவாஸ் தினமும் ஒரு பை கொய்யா வாங்கினான். ஒரு வருடம் வாங்கினான். அதற்கு மேல் கொய்யா தின்ன முடியாது என்று கல்யாணம் செய்துகொண்டேன் என்பான்.

அவளுடைய பாட்டனார் தேவிபட்டினத்தில் இருந்து கப்பலேறிப் போனவர். அவர் திரும்பவே இல்லை. மகனும் அங்கேயே, பேத்தியும் அங்கேயே. நான் விசாரித்துப் பார்த்ததில், அந்தப் பாட்டனாரின் கூடப்பிறந்தவளை எங்கள் ஊருக்கு மேற்கே இரண்டாவது ஊரில்தான் கொடுத்திருக்கிறார்கள். ஆக, ரத்தம் இந்தப் பக்கத்து ரத்தம்தான். ஆனால் மாஷிதா இந்த மண்ணை மிதித்தது நாற்பத்தைந்தாவது வயதில். நவாஸ் கடையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டான். நின்று வேலை பார்க்க முடியாது என்று ஆனது. இரண்டரை வருடத்துக்கு முன், ஒரு மழைக்காலத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு இருவரும் வந்து சேர்ந்தார்கள்.

வெளிநாட்டுப் பெண் வந்திருக்கிறாள் என்று ஊரே பார்க்கப் போனது. வெறுங்கையோடு போகலாமா? வெளிநாட்டுக்காரி என்ன தின்பாள்? ஆப்பிள்தான் தின்பாள் என்று ஊர் ஒரே மாதிரி யோசித்தது. போன வீடெல்லாம் ஆப்பிள் வாங்கிப் போனது. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத் தாள் ஒட்டியிருக்குமே, அந்த ஆப்பிள். நானும் என் வீட்டுக்காரியும் போனபோது அரிசிக் குதிருக்கு மேலே, அலமாரியில், கட்டிலுக்கு அடியில் எல்லாம் ஆப்பிள் இருந்தது. எங்கள் பையையும் வாங்கி எங்கே வைப்பது என்று தெரியாமல் மாஷிதா கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, கோபிச்சுக்காதீங்க," என்றாள். "ஆப்பிள் எங்க ஊர்லயும் காய்க்காது. அங்கேயும் கப்பல்லதான் வருது. இந்த ஊர்ப் பழம் என்னன்னு யாருமே காட்ட மாட்டேங்கிறீங்களே."

அலியாரின் பெண்டாட்டி காலிதா அங்கே இருந்தாள். சிரித்துவிட்டாள். "இங்கன ஏது பழம்? குடிக்கத் தண்ணிக்கே லாரிய எதிர்பாத்து நிக்கிற ஊரு. பழம் வேணும்னா ராமநாதபுரம் மார்க்கெட்டுக்குத்தான் போகணும்."

"ஒண்ணுகூடவா இல்ல?"

"கருவேலங்காய் இருக்கு. ஆடு திங்கும்."

எல்லோரும் சிரித்தோம். நான் தலையை ஆட்டினேன். எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கள் மண்ணைப் பற்றி வெளியாள் யாராவது கேட்டால், அவன் குறை சொல்வதற்குள் நாங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுவோம். அதில் எங்களுக்கு ஒரு கெட்டிக்காரத்தனம்.

மாஷிதா சிரிக்கவில்லை. "மண்ணுன்னு இருந்தா பழம்னு ஒண்ணு இல்லாம இருக்காது லா," என்றாள், மலேசியாப் பேச்சு வழக்கில். அவ்வளவுதான் சொன்னாள்.

மழை விட்டபின் அவள் ஓடைப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். நவாஸ் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "தூரமாப் போகாத" என்பான். அவள் தூரமாகத்தான் போவாள். ஓடைக்கரையில் ஆடு மேய்க்க வருவாள் ராக்கு. மேற்கே உள்கிராமத்துக்காரி. அறுபதை நெருங்கியவள். தலையில் ஒரு துண்டு, கையில் தொரட்டி, முன்னால் முப்பது நாற்பது ஆடு. அவளுக்கும் மாஷிதாவுக்கும் எப்படிப் பழக்கம் உண்டானது என்றால், மாஷிதா ஒரு புதருக்கு முன்னால் நின்று சிவப்பாக எதையோ பறிக்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"கோவப்பழம் அது. தின்னுங்க பாயம்மா, காசு கேக்க மாட்டேன்" என்றாளாம் ராக்கு.

அன்றைக்குக் கோவைப்பழம். மார்கழியில் சூரைப்பழம், இலந்தைப்பழம். தை பிறந்ததும் காரைப்பழம். ஒவ்வொன்றையும் எப்படித் தின்ன வேண்டும் என்று ராக்கு சொல்லிக்கொடுப்பாள். எதை நசுக்க வேண்டும், எதை மணலில் உருட்ட வேண்டும், எதன் கொட்டையை முழுங்கக் கூடாது என்று. மாஷிதா கேட்டுவிட்டு வந்து அவளுக்குத் தெரிந்த முறையில் இன்னொன்று செய்வாள். பாதி பழுத்ததை வெட்டி, மிளகாய் கலந்த கருப்பட்டிப் பாகை ஊற்றி, அதன் தலையில் இறால் கருவாட்டுப் பொடியைத் தூவுவாள். பினாங்கில் அப்படித்தான் தின்பார்களாம். பழத்தில் கருவாடா என்று என் வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு போனவள், திரும்பி வரும்போது கிண்ணத்தோடு வந்தாள்.

இப்படியே ஒரு வருடம் போனது. அடுத்த மாசியில்தான் உகாய் விஷயம்.

பள்ளிவாசலுக்குப் பின்னால் ஓடை திரும்புகிற இடத்தில் உகாய் மரங்கள் நிற்கின்றன. மரம் என்றால் நெடுநெடுவென்று நிற்காது. கிளையெல்லாம் தரையைத் தொட்டுக்கொண்டு, குடிசை மாதிரிக் கவிழ்ந்து கிடக்கும். குண்டுமணி அளவுக்குப் பழம். முதலில் வெளுப்பு, பிறகு ரோஸ், பழுத்தால் கறுப்பு. ராக்குவின் ஆடுகள் முன்னங்காலைத் தூக்கிக் கிளையில் வைத்து அதைத் தின்றுகொண்டிருந்தன. ஆடு தின்பது மனிதனுக்கு ஆகாமலா போகும் என்று, ராக்கு வந்து சேர்வதற்குள் மாஷிதா ஒரு கைப்பிடி உருவி வாயில் போட்டுக்கொண்டாள்.

முதலில் இனிப்பு. நல்ல இனிப்பு. பிறகு கடுகைக் கடித்த மாதிரி ஒரு காரம் நாக்கில் தொடங்கி மூக்கில் ஏறி உச்சந்தலையில் போய் நின்றது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. இப்படிப்பட்ட பழத்தை அவள் அதுவரை கண்டதில்லை. விஷம் என்று முடிவு கட்டிவிட்டாள். ஓடினால் விஷம் சீக்கிரம் ஏறும் என்று எங்கோ கேட்டிருக்கிறாள். அதனால் மணலில் உட்கார்ந்து, தலையை மூடி, சாகும் நேரத்தில் சொல்கிற கலிமாவைச் சொல்ல ஆரம்பித்தாள்.

ராக்கு வந்து பார்த்தாள். "என்ன பாயம்மா, தொழுகுற நேரமா இது?"

"அக்கா, இதத் தின்னுட்டேன். நான் செத்துருவேனா?"

"என்னைக்காச்சும் சாகத்தான் செய்வீக. இதத் தின்னதுக்குச் சாக மாட்டீக."

"எரியுது அக்கா."

"ஒண்ணு ரெண்டு போடுறதுக்கு ஒரு குத்து அள்ளிப் போட்டா எரியாம குளுருமா? வெயில்ல நடக்கையில ரெண்டு வாயில போட்டா நாக்கு வறளாது. எங்க அய்யா இதத் தின்னுக்கிட்டே தொண்டி வரைக்கும் ஆட்டை ஓட்டிட்டுப் போவாரு." சொல்லிக்கொண்டே ராக்கு ஒரு குச்சியை ஒடித்து, நுனியை மென்று, பல் தேய்க்க ஆரம்பித்தாள். மாஷிதாவும் ஒரு குச்சியை ஒடித்து மென்று பார்த்தாள். அதே கடுகுக் காரம், கொஞ்சம் அடங்கியது. அந்த வாசனையை எங்கோ முகர்ந்திருக்கிறோமே என்று யோசித்திருக்கிறாள்.

முந்தானையில் முடிந்துகொண்டு வந்த பழத்தைக் காலிதாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். "பழம் இல்லன்னீங்களே அக்கா. இது என்ன?"

காலிதா அதைத் தொடவில்லை. "ஆட்டுத் தீனி. இதப் பொறுக்கத்தான் ஆடு மேய்க்கிறவகூட அலையுறியா? அலியார் தம்பி பொண்டாட்டி ஓடையில பொறுக்கித் திங்கிறான்னு ஊர்ல பேச்சு. அவுகளுக்கு எவ்வளவு கேவலம் தெரியுமா."

"ஆப்பிள யார் பறிச்சாங்கன்னு தெரியுமா அக்கா? யாரோ பொறுக்கித்தான் அதுவும் பெட்டிக்குள்ள போகுது."

நவாஸ் வாசலில் இருந்து சிரித்தான். "நான் சின்னப் பயலா இருக்கையில தின்னுருக்கேன். அண்ணனும்தான் தின்னுருக்கு. இப்பக் கேட்டா இல்லம்பாரு."

அவன் சொன்னது உண்மை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் தின்றார்கள். நான் தின்றேன். எங்கள் வயதுக்காரர்கள் எல்லோரும் தின்றோம். எழுபத்துநாலு வாக்கில் ஒரு பஞ்சம் வந்தது. இவர்களுடைய அத்தா தோணி வேலைக்குத் தூத்துக்குடிப் பக்கம் போய் ஆறு மாதம் ஆளையே காணோம். அலியாருக்குப் பதினொரு வயது இருக்கும், நவாஸ் கைக்குழந்தைக்குக் கொஞ்சம் மேலே. அவர்களின் அம்மா விடிந்ததும் ஓடைக்குப் போய் ஒரு பெட்டி உகாய்ப் பழம் உருவி வந்து, பிள்ளைகளுக்கு முன்னால் கொட்டிவிட்டு மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு சவூதிப் பணம் வந்தது, வீடு வந்தது. உகாயை யாரும் வாயால்கூடச் சொல்லவில்லை.

இனிதான் பதினேழாம் நோன்பு.

எங்கள் பள்ளிவாசலில் ரமலான் முப்பது நாளும் நோன்புக் கஞ்சி காய்ச்சுவோம். ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டு முறை. அன்றைய கஞ்சிக்கான அரிசியும் கறியும், நோன்பு துறக்கிற நேரத்துக்கு வைக்கும் பழத் தட்டும் அந்த வீட்டிலிருந்து வர வேண்டும். யாருக்கு எந்த நாள் என்று உள்ளே ஒரு கரும்பலகையில் எழுதியிருக்கும். ஒரு நாள் உன் பேரில் இருக்கிறது என்றால் நீ இந்த ஊர்க்காரன். இல்லையென்றால் நீ கஞ்சி வாங்க வந்தவன். எங்கள் பாட்டனார் காலத்தில் எங்கள் வகையறாவுக்கு இரண்டு நாள் வந்தது. ஐந்தாம் நோன்பு எங்கள் வழிக்கு. பதினேழு அலியாரின் அத்தா வழிக்கு. சவூதியில் இருந்தாலும் பதினேழை அலியார் ஒரு வருடம்கூட விட்டதில்லை.

போன வருடம் நவாஸ் கேட்டான். "அண்ணே, இந்தத் தடவ நாங்க செய்யிறோம். என் பேரும் பலகையில வரட்டும்."

அலியார் சந்தோஷமாகவே சம்மதித்தான். அன்றைக்கே பலகையில் அலியார் பேருக்குப் பக்கத்தில் காஜா நவாஸ் பேரும் ஏறியது. மாஷிதா அதைப் பார்க்கப் பெண்கள் வாசல் வரை போய்விட்டு வந்தாள் என்று என் வீட்டுக்காரி சொன்னாள். வந்து ஒன்றரை வருடமாகியும் ஊரில் அவளை மலேசியாக்காரி என்றுதான் சொன்னார்கள். அவளுக்கு அந்தப் பதினேழு எவ்வளவு பெரிது என்று அப்போதே எனக்குத் தெரிந்தது.

நோன்பு தொடங்கி ஒரு வாரம் கழித்து, சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு நானும் அலியாரும் நவாஸ் வீட்டுக்குப் போனோம். தட்டில் என்னென்ன வைக்கப் போகிறாய் என்று அலியார்தான் பேச்சுக்குக் கேட்டான்.

"பேரீச்சம்பழம் மச்சான். அப்புறம் வெள்ளரிப்பழம், இலந்தைப்பழம், கொடுக்காப்புளி, உகாய்ப்பழம்" என்றாள் மாஷிதா.

"ஆப்பிள், ஆரஞ்சு?"

"அது எல்லா நாளும்தான் வைக்கிறாங்க. நம்ம நாள்ல நம்ம ஊர்ப் பழம்."

அலியார் முகம் மாறியது. "என்ன வெளையாடுறியா? உகாயப் பள்ளிவாசல்ல வைக்கப் போறியா?"

"ஏன் வைக்கக் கூடாது?"

"அது ஆடு திங்கிறது."

மாஷிதா அவன் சட்டைப் பையைக் கையால் காட்டினாள். அவன் எப்போதும் அங்கே பல் தேய்க்கும் மிஸ்வாக் குச்சி வைத்திருப்பான். உறை போட்டது. சவூதியில் இருந்து வருகிற ஆட்களிடம் சொல்லி வாங்குவான். "மச்சான், அது எந்த மரத்துக் குச்சி?"

"மிஸ்வாக்கு. மதீனாவுல இருந்து வந்தது."

"மோந்து பாருங்க. ஓடையில நிக்கிறதும் அதே மரம்தான். ராக்கு அக்கா தெனம் அதுலதான் பல்லு வெளக்குது. குச்சி வாய்க்குள்ள போனா நபி வழி, சுன்னத்து, பழம் போனா மட்டும் ஆட்டுத் தீனியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது தெரியாத விஷயம் இல்லை. என் அத்தா காலத்தில் ஓடைக் குச்சியைத்தான் ஒடித்தார்கள். உறை போட்ட குச்சி வந்தபிறகு, அதுவேறு இதுவேறு என்று நாங்களே நினைக்க ஆரம்பித்துவிட்டோம். நான் அலியாரைப் பார்த்தேன். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. குரல் இறங்கிப் போயிற்று.

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. அது பசியில தின்னது. எங்கம்மா எங்களுக்குச் சோறு போட வழியில்லாம பொறுக்கிட்டு வந்தது. அந்தப் பசியத் தட்டுல பரப்பி ஊருக்கே காட்டப் போறியா நீயி?"

"பசிச்சப்ப அந்த மரம் இருந்துச்சுல்ல மச்சான்," என்றாள் மாஷிதா. "அப்ப எதுக்கு எங்கிட்ட இந்த ஊர்ல பழமே இல்லன்னு சொன்னீங்க?"

அலியார் எழுந்தான். "அதத் தட்டுல வச்சுப் பாரு. பதினேழ நான் திருப்பி எடுத்துக்குவேன். அப்புறம் ஒங்க வீட்டுக்கு முறையுங் கிடையாது, பேருங் கிடையாது."

"அண்ணே, வார்த்தைய விடாதீக" என்றான் நவாஸ்.

"ஒன் பொண்டாட்டிட்ட சொல்லு."

நவாஸ் பெண்டாட்டியைப் பார்த்தான். அவன் சொல்லியிருந்தாலும் அவள் கேட்டிருக்க மாட்டாள்.

அடுத்த பத்து நாளில் ஆள் மாற்றி ஆள் போய்ச் சொல்லிப் பார்த்தோம். நானும் போனேன். "உகாய மட்டும் விட்டுரும்மா, மத்ததெல்லாம் இருக்கட்டும். அவன் மனசும் நோகாது, ஒம் பேரும் போகாது" என்றேன்.

"மாமா, இலந்தைப்பழம் கூடையில விக்கிறாங்க, அது தட்டுல இருந்தா வித்தியாசமாத் தெரியாது. உகாய் ஒண்ணுதான் இங்க மட்டும் நிக்குது, யாரும் விக்கிறதில்ல. அத எடுத்துட்டா அப்புறம் என்ன இருக்கு?" என்றாள்.

பதினேழாம் நோன்பு அன்று காலை வெயில் ஏறுவதற்குள் மாஷிதாவும் ராக்குவும் உகாய் பறித்தார்கள். மாஷிதா நோன்பு, அதனால் வாயில் வைத்துப் பார்க்க முடியாது. மரத்துக்கு மரம் ராக்கு தின்று பார்த்துச் சொன்னாளாம். "இது வேணாம், எரிச்சல் சாஸ்தி. இந்த மரத்துல கறுத்ததா மட்டும் பறிங்க, வெல்லங் கணக்கா இருக்கு." ஆடுகள் அன்று பட்டினி. மரத்துப் பக்கமே ராக்கு விடவில்லை.

அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் பக்கவாட்டு வாசலில் பெண்கள் தூக்குச்சட்டியோடு கஞ்சி வாங்க நிற்பார்கள். எங்கள் பெண்களும் நிற்பார்கள், மேற்கே இருந்து வரும் இந்துப் பெண்களும் நிற்பார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் மாஷிதா தட்டுகளைக் கொண்டுவந்தாள். சரியாக அதே நேரத்தில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அலியார் இறங்கினான். பின்னால் ஆப்பிள் பெட்டிகள்.

"இதத்தான் வைக்கணும். அத வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோ" என்றான்.

மாஷிதா தட்டைக் கீழே வைக்கவில்லை. "இன்னைக்கு எங்க முறை மச்சான். நீங்க விருந்தாளி. விருந்தாளி ஆப்பிள் கொண்டுவந்தா வேணாம்னு சொல்ல மாட்டோம். உள்ள வைங்க, எங்க தட்டுக்குப் பக்கத்துல."

வரிசையில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். ராக்கு மூடவில்லை. "ஆட்டுக்குக் குடுக்காமப் பறிச்சதுய்யா, வீணாக்கிராதீக" என்று தூக்குச்சட்டியை ஆட்டிக்கொண்டு சத்தமாகவே சொன்னாள்.

ஜமாத் செயலாளர் ஓடிவந்தார். பாவம், நோன்பு நேரத்தில் சண்டை கூடாது என்று இரண்டையும் உள்ளே எடுத்துவைத்துவிட்டார்.

பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டோம். என் தட்டில் ஒரு பக்கம் ஆப்பிள், ஒரு பக்கம் உகாய். வெள்ளரிப்பழம் முதலில் தீர்ந்தது, அன்றைக்கு அப்படி வெயில். இலந்தையும் கொடுக்காப்புளியும் நன்றாகப் போனது. உகாய்க்குக் கை நீட்டியவர்கள் நீட்டினார்கள். எல்லோரும் மனம் மாறி அள்ளித் தின்றார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. வாலிபர்கள் ஒன்றைக் கடித்து இருமிவிட்டுத் தட்டைப் பக்கத்து ஆளிடம் தள்ளினார்கள். ஒருவர் கைக்குட்டையில் துப்பினார். எங்கள் வயதுக்காரர்கள் நாலைந்து பேர் மட்டும் ஒருவரையொருவர் பார்க்காமல், ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றோம். அலியார் மூன்று பேர் தள்ளி உட்கார்ந்திருந்தான். கஞ்சியைத் தவிர ஒன்றும் தொடவில்லை. அவன் ஆப்பிளைக்கூட.

மஃரிப் தொழுகை முடிந்ததும், ஆட்கள் கலைவதற்குள் அவன் செயலாளரிடம் போனான். "பதினேழு இனி என் பேர்ல மட்டும். நவாஸ் பேர அழிச்சுருங்க."

செயலாளர் நவாஸைப் பார்த்தார். நவாஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அத்தா அவருக்குக் கொடுத்தது. அவர் கேட்டா அழிங்க" என்றான். செயலாளர் துணியால் அழித்தார். பலகையில் ஒரு வெள்ளைத் தீற்று மட்டும் நின்றது.

விஷயம் பெண்கள் வாசலுக்குப் போய்ச் சேர ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? மாஷிதா வாசல்படியில் வந்து நின்றாள். அழுதுகொண்டு வருவாள் என்று நினைத்தேன்.

"செயலாளர் அண்ணே, பதினெட்டு யார் முறை?"

அவர் திரும்பிப் பலகையைப் பார்த்தார். பதினெட்டுக்கு நேரே பேர் இல்லை. அது தெற்குத்தெருவில் தோணி வைத்திருந்தவர் வீட்டு முறை. அவருக்கு மூன்று மகன், மூன்று பேரும் சென்னைக்குப் போய்விட்டார்கள், கடைசியாக அவர்களின் அம்மாவையும் ஆறு வருடத்துக்கு முன்னால் கூட்டிப்போய்விட்டார்கள். "அதுக்கு ஆள் இல்லம்மா. பள்ளிவாசல் பொதுவுல காய்ச்சுறோம்."

"அப்ப நாளைக்கு நான் காய்ச்சுறேன்."

"நாளைக்கா? அதுக்குள்ள எப்படிம்மா?"

"மரத்துல இன்னும் பாதி இருக்கு."

செயலாளர் சாக்பீஸை எடுத்தார். "காஜா நவாஸ்னு போட்டுரவா?"

"அவ பேரப் போடுங்க" என்றான் நவாஸ்.

"பொம்பள பேரு போட்டு வழக்கமில்லையேப்பா."

"எனக்கும்தான் உகாய் தின்னு வழக்கமில்ல," என்றாள் மாஷிதா. "தின்னேன். சாகல."

செயலாளர் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்தைப் பார்த்தார். அவர் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை. "கொடுக்குறது யாரோ அவங்க பேர எழுதுங்க. ராத்திரி தராவீஹ் தொழுகைக்கு எடம் ஒதுக்கணும், சீக்கிரம்."

மாஷிதா என்று எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணல். பக்கத்தில் அவளுடைய அத்தா பேரோ மாப்பிள்ளை பேரோ இல்லை. அலியார் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். தேடுகிறவன் மாதிரி வெகுநேரம் நின்றான்.

மறுநாள் அவள் செலவில் கஞ்சி காய்ச்சினார்கள். தட்டில் ஒரே உகாய். முதல் நாள் துப்பியவர் இந்த முறை ஒன்றை எடுத்து ஓரமாகக் கடித்துப் பார்த்துவிட்டு, அடுத்ததையும் எடுத்தார். வேறு ஒரு பெரிய மனிதர் தட்டோடு நகர்த்திவிட்டு, இனி பதினெட்டாம் நோன்பு துறக்கத் தொண்டிக்குப் போகப்போகிறேன் என்றார். "போகட்டும், ஒரு தூக்குக் கஞ்சி மிச்சம்" என்று மாஷிதா சொன்னதாக என் வீட்டுக்காரி வந்து சொன்னாள்.

காலிதா அவளைக் குழாயடியில் மறித்து, "இதோட விட மாட்டியா?" என்று கேட்டிருக்கிறாள். "விட மாட்டேன் அக்கா" என்று மட்டும் இவள் சொல்லியிருக்கிறாள்.

இந்த வருடமும் அப்படியேதான். பதினேழு அலியாருடையது, ஆப்பிளும் ஆரஞ்சும் திராட்சையும். பதினெட்டு மாஷிதாவுடையது. அலியார் இந்த வருடப் பதினெட்டுக்கும் வந்தான், வரிசையில் உட்கார்ந்தான், கஞ்சி குடித்தான், உகாயைத் தொடவில்லை. தம்பியிடம் பேசுகிறான். அவளிடம் பேசுவதில்லை. ஒரு வருடம் ஆகிவிட்டது.

இந்த வருடப் பதினெட்டுக்கு முந்தைய நாள் நான்தான் அவளிடம் கேட்டேன். "ஒரு வார்த்தை அவங்கிட்ட இறங்கிப் போய்ச் சொல்லிட்டீன்னா, பதினேழும் ஒங்க வீட்டுக்குத் திரும்பி வரும்மா. அவன் உள்ளுக்குள்ள அதத்தான் எதிர்பாக்குறான்."

"தெரியும் மாமா. அவரு அம்மாவ நெனைக்கிறாரு, அதுல தப்பு சொல்ல மாட்டேன்," என்றாள். "பதினேழு அவருக்கே இருக்கட்டும். அது அவங்க அத்தா கொடுத்தது. பதினெட்டு யாரும் கொடுக்கல, நானாக் கேட்டு வாங்குனேன். இருக்குறத இருக்குன்னு சொன்னதுக்கு நான் எதுக்கு எறங்கிப் போகணும்?"

பதில் வரும்வரை அவள் நிற்கவில்லை. ஒரு பனையோலைப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடைப் பக்கம் வேகமாக நடந்தாள். ராக்குவின் ஆடுகள் வருவதற்குள் போனால்தான் கீழ்க்கிளைப் பழம் மிஞ்சும்.